எங்கள் வீட்டு வாசலில் ஊதாத ஹாரன்

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்த ஐஸ் வண்டி, நியாயமாகப் பார்த்தால் வண்டியே இல்லை. ஒரு சைக்கிள். பின்னால் கேரியரில் நீல நிற மரப்பெட்டி, அது சரியாமல் இருக்க லாரி ட்யூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றிய கட்டு, ஹேண்டில்பாரில் ரப்பர் உருண்டை வைத்த ஹாரன். பெட்டி மூடியைத் திறந்தால் சாக்குத்துணி. சாக்கை விலக்கினால் புகை. அந்தப் புகைக்குள் கையை விட்டு ஐஸ்காரர் எதை எடுக்கப் போகிறார் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பதிலேயே எங்கள் மே மாதங்கள் கழிந்தன.

நிறத்தை வைத்துத்தான் ஐஸுக்குப் பெயர். ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு நிறம், கிரேப் என்றால் ஊதா. அந்த கிரேப் ஐஸ் தன் வாழ்நாளில் ஒரு திராட்சையையாவது நேரில் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். பால் ஐஸ் கொஞ்சம் கௌரவமானது. சேமியா ஐஸ் பணக்கார ஐஸ். தலையில் நாலு சேமியா ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கடைசிவரை தின்னாமல் காப்பாற்றுகிறவன்தான் கெட்டிக்காரன். ஆரஞ்சையும் கிரேப்பையும் கடிக்கக் கூடாது, உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிட்டு, குச்சியில் வெறும் வெள்ளைப் பனிக்கட்டி மிஞ்சும். அதையும் விடமாட்டோம், அது வேறு விஷயம்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் காலனி. காலனி என்பது பெயருக்குத்தான். பாதி மனைகள் காலி, காலி மனையெல்லாம் எருக்கஞ்செடி, மழை வந்தால் முட்டியளவு தண்ணீர், தண்ணீரோடு ஏரியிலிருந்து தவளையும் சில சமயம் பாம்பும். ஆபீஸ் போகிறவர்கள் லோன் போட்டுக் கட்டிய வீடுகள். என் அப்பாவும் அப்படி ஒருவர்தான், காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போனால் இருட்டும்போதுதான் வருவார். ஐஸ்காரர் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் மனைகளெல்லாம் ஒருகாலத்தில் அவருடைய சொந்தக்காரர்களின் நெல் வயல். "இந்தோ, உங்க வூட்டு கிணறு கீது பாரு, அங்கதான் எங்க பெரியப்பா நாத்து வுட்டாரு" என்று அவர் சொல்லும்போது குரலில் வருத்தமெல்லாம் இருக்காது. நாங்கள் ஏதோ அவர் வீட்டில் குடியிருப்பது போன்ற ஒரு தோரணைதான் இருக்கும். சட்டைப் பையில் சீப்பு, தலையில் வழியும் எண்ணெய், சைக்கிளை நிறுத்தியதும் முதலில் தலையைச் சீவிக்கொண்டு அப்புறம்தான் பெட்டியைத் திறப்பார். பெரியவர்களுக்கு அவர் 'ஐஸ்காரன்', எங்களுக்கு 'ஐஸ் அண்ணா'.

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம், என் தம்பிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. அவன் அப்போது எல்.கே.ஜி. காலையில் நன்றாக இருப்பான், விளக்கு வைக்கும் நேரத்தில் கன்னம் சிவந்து சுருண்டுவிடுவான். சோறு இறங்கவில்லை. குளிப்பாட்டும்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. தாம்பரம் மேற்கில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் இவன் முன்கையில் ஓர் ஊசி போட்டு, போட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அதைக் கழுவக் கூடாது என்று அனுப்பினார். தம்பிக்கு அந்த வட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது, தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். வட்டத்துக்குள் தோல் தடித்துச் சிவந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்.

அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு குழந்தைக்காவது இது இருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை, சிரப், டானிக், மாதம் ஒருமுறை எடை. மருந்தை விடாமல் கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அம்மாவின் காதில் அது ஏறவில்லை. அது டி.பி.யின் சின்னத் தம்பி என்பது மட்டும் ஏறியது. தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு அந்த வியாதிக்குப் பயப்படாமல் இருப்பது கஷ்டம். ட்ரெயின், டி.பி. ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் அம்மா முந்தானையால் எங்கள் இருவர் மூக்கையும் பொத்துவாள். அவள் பொத்திய மூக்குகளில் ஒன்றுக்கே அது வந்துவிட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது அம்மா டாக்டரிடம் கேட்டாள், "ஐஸ் கொடுக்கலாமா சார்?"

"ஐஸ்னால ஒண்ணும் ஆயிடாதும்மா. ஆனா இருமல் வந்துதுன்னா எதனால வருதுன்னு நமக்கே குழப்பமாயிடும். மருந்து முடியற வரைக்கும் வேண்டாமே" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அந்த 'வேண்டாமே' எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சட்டமாகிவிட்டது. அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குச்சியைக் கையில் எடுக்க மாட்டாள், தேவையும் இல்லை. வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கும். ஒரு விஷயத்தை அவள் இரண்டாவது தடவை சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவையிலேயே அது நம் எலும்பில் போய் உட்கார்ந்துவிடும்படிச் சொல்லுவாள். எனக்கே கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும், ஈரத் தலையோடு படுக்கப் போனால் கை தானாகத் துண்டைத் தேடுகிறது.

அது நடந்தது கோடை விடுமுறையின் ஆரம்பத்தில். மத்தியானம் ஹாரன் சத்தம் கேட்டது. தம்பி ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றான். ஐஸ் அண்ணா எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே சைக்கிளை ஸ்டாண்டு போட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, இவன் எப்படியோ வெளியே போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இவன் மேல் பிரியம் அதிகம். தன் ஆரஞ்சு ஐஸை அவன் வாயருகே நீட்டி, "ஒரே ஒரு வாய்டா" என்றாள். இவனும் நன்றாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். இரண்டாவது இழுப்புக்கு வாயைத் திறந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கேட்டைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒரே தட்டு. ஐஸ் பறந்து மண்ணில் விழுந்தது. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினாள்.

"இதத் தின்னா செத்துப் போயிடுவே! தெரியுமா? செத்துப் போயிடுவே!"

தம்பி அழவில்லை. மண்ணில் கிடந்த ஐஸைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, ஏன் என்று அப்போது தெரியாது. பயந்துபோன ஒரு தாயை முதன்முதலாகப் பார்க்கிற பயம் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் அவள் தெருமுனையிலேயே போய் நின்று ஐஸ் அண்ணாவை மடக்கினாள். நானும் கூடவே போயிருந்தேன்.

"ஏம்ப்பா, எங்க வீட்டு வாசல்ல நிக்காதே. ஹாரனும் அடிக்காதே. கொழந்தைக்கு உடம்பு சரியில்ல."

"இன்னா டீச்சரம்மா இது, தெருவுல வந்துகினு ஹாரன் அடிக்காம எப்டி யாவாரம் பண்றது?"

"எங்க வீட்டத் தாண்டினதும் அடிச்சுக்கோயேன். யார் வேண்டாம்னா?"

அவர் சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார். யோசிக்க வேண்டியிருந்தால் அப்படித்தான் செய்வார். "கொயந்தைக்கு இன்னா?"

"நெஞ்சுல சளி."

"எத்தினி நாளுக்கு?"

"டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும்." அம்மாவின் குரல் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. வகுப்பறைக் குரல் அது இல்லை.

"சரி வுடு, அழுவாத. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹாரன் தெருமுனையில் தொடங்கி, எங்களுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றுவிடும். சைக்கிளிலிருந்து இறங்கி, தள்ளிக்கொண்டே எங்கள் வாசலைக் கடப்பார். எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தது, அங்கே போனதும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஊதித் தீர்ப்பார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ட்ரான்ஸ்ஃபார்மரடிக்குத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. தின்றுகொண்டே வீடு திரும்புகிற பிள்ளைகள் எங்கள் கேட் வந்ததும் ஐஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி விறைப்பாக நடப்பார்கள். பின்னால் சொட்டுச் சொட்டாக டிராயரில் ஒழுகிக்கொண்டிருக்கும். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பையன்களின் டிராயர் பின்புறம் ஊதாக் கறையோடுதான் இருந்தது. அவர்களின் அம்மாக்கள் துவைத்துத் துவைத்து அலுத்துக்கொண்டார்களே தவிர, எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் தெருவின் மேல் அப்படி ஒரு பாசம் பொங்குகிறது.

அவன் தின்னாதபோது எனக்கும் கிடையாது என்பது அம்மாவின் அடுத்த உத்தரவு. நான் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நின்று பால் ஐஸ் தின்றேன். பால் ஐஸ் நாக்கில் சாயம் வைக்காது. இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இப்போது நாங்கள் இருக்கும் தெருவில் ஐஸ்கிரீம் குட்டி யானையில் வருகிறது. அந்தச் சின்ன லாரியின் உச்சியில் ஒரு ஸ்பீக்கர், அதில் ஒரு பெண் குரல், பட்டர்ஸ்காட்ச் பிஸ்தா பிளாக் கரண்ட் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஓட்டுகிற பையன் காதில் தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பான். போன வருஷம் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இறந்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். அப்போதும் அந்தக் குரல் பட்டர்ஸ்காட்ச் என்றுதான் சொல்லிக்கொண்டு போனது. பையனைத் தப்பு சொல்ல முடியாது, அவனுக்கு வெளியே என்ன நடக்கிறதென்றே தெரியாது. என் மகள் அதில்தான் வாங்கித் தின்கிறாள், ருசியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஐஸைவிட இது ஆயிரம் மடங்கு மேல், சுத்தத்திலும் சரி, பாலிலும் சரி. ஆனால் ஒரு வீட்டுக்காக வாயை மூடிக்கொண்டு போகத் தெரிந்த வண்டி அதற்கப்புறம் வரவே இல்லை. இதை என் தம்பியிடம் சொன்னால் சிரிப்பான். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான், தொப்பை வைத்துவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இப்போது அவனுக்கு ஐஸ்கிரீமைத் தடுப்பது அவன் பெண்டாட்டி.

அந்த வருஷத்துக்கு வருகிறேன். மருந்து ஓடியது. காய்ச்சல் முதலில் விட்டது, பிறகு பசி திரும்பியது. ஆனாலும் டாக்டரின் எடை மெஷினில் தம்பி ஏறி நிற்கும்போதெல்லாம் அம்மா வேறு பக்கம் பார்ப்பாள், அப்பா முள்ளைப் படித்துச் சொன்ன பிறகுதான் திரும்புவாள். எடை கூடியிருந்தால் வரும் வழியில் மார்க்கெட்டில் பூ வாங்குவாள். கூடாவிட்டால் ராத்திரி தூங்குகிற குழந்தையின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவ்வளவு நாளும் அவன் ஐஸ் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவில்லை. ஒரு தடவைகூட. சைக்கிள் எங்கள் வாசலைச் சத்தமில்லாமல் கடக்கும்போது செயின் மட்டும் லேசாகக் கிறீச்சிடும், அது காதில் விழுந்தாலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவான். அம்மாவுக்கு இதில் ஏகப் பெருமை.

"பாருங்க, எவ்ளோ சமத்து! ஆசையை அடக்கிக்கிட்டு எழுந்து போறான். பெரியவங்களுக்கே வராது" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் எல்லோருமே அவனை அப்படித்தான் நினைத்தோம்.

அடுத்த கோடை தொடங்கும்போது எங்கள் தெருவுக்குக் கம்பெனி வண்டி வந்தது. மூன்று சக்கரம், வெள்ளைப் பெட்டி, மேலே கோடு போட்ட குடை. தள்ளிக்கொண்டு வந்தவர் தொப்பி போட்டிருந்தார், சட்டையில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. கப் ஐஸ், கோன் ஐஸ், கூடவே பட்டையான மரக் கரண்டி. இவருக்கு ஹாரன் கிடையாது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு மெட்டு பாடிக்கொண்டே இருந்தது, ஒரே மெட்டு, முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். தெருவே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் ஐஸ் அண்ணா அன்று பார்த்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர், ஓரமாக நின்று அந்த வண்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "கல்யாண ஊர்கோலம் மாரி கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெட்டோடு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா வேகமாக வெளியே போனாள்.

"இங்க மட்டும் அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா."

"முடியாது மேடம். ஸ்விட்ச உள்ள வெச்சு ஸ்க்ரூ போட்டு மூடிட்டாங்க. சாயந்தரம் கம்பெனில போய் வண்டியை விட்டாத்தான் நிறுத்துவாங்க" என்றார் அவர். பாவம், நாள் முழுக்க அதைக் கேட்டு அவர் முகமே ஒரு மாதிரி ஆகியிருந்தது.

உள்ளே தம்பியைக் காணோம். கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கிடந்தான். நான்தான் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். அம்மா அவனை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "என் கண்ணு, ஆசையா இருக்காடா? கொஞ்ச நாள்தாண்டா. முடிஞ்சிடும்டா ராஜா" என்று சொல்லிச் சொல்லி முத்தமிட்டாள். அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

முடிந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்தை நிறுத்திடலாம். பையன் சுத்தமா சரியாயிட்டான். இனிமே என்ன வேணும்னாலும் குடுங்க, ஐஸ் உள்பட" என்றார் டாக்டர். அம்மா அவர் காலில் விழப் போனாள், அப்பா பிடித்துக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு பேக்கரியில் கப் ஐஸ் வாங்கலாம் என்று அப்பா சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை.

"இத்தனை மாசம் நமக்காக ஊமையாப் போனானே அந்த மனுஷன், அவன் கையாலதான் என் புள்ள முதல்ல வாங்கித் திங்கணும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அம்மா தலை சீவி, பூ வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் புடவைகளில் நல்லதொன்றைக் கட்டியிருந்தாள். விஷயம் எப்படியோ பரவித் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து மதில்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் பாதி அம்மாவின் வகுப்பில் படிக்கிறவர்கள். ஐஸ் அண்ணா வழக்கம்போல இரண்டு வீடு முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எங்களைக் கடக்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா! நில்லு. இங்க நிறுத்து."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. அம்மா முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "கொயந்தைக்கு சரியாப் போச்சா?" என்றார். அம்மா தலையாட்டினாள். "அப்ப அடிக்கட்டா?"

"அடி. நல்லா அடி."

"அப்றம் காது போச்சுன்னு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடித்தார் பாருங்கள், மதில்மேல் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டார்கள், எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. நானும் கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தம்பி உள்ளே ஓடினான். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே நின்று கெஞ்சி, மிரட்டி, ஒருவழியாகத் திறக்க வைத்து, கையைப் பிடித்துக் கேட்டுக்கு இழுத்து வந்தேன். அம்மா ஆரஞ்சு ஐஸ் ஒன்றைக் குச்சியோடு அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கிக்கோடா கண்ணா."

"வேண்டாம்மா."

"ஏண்டா, உனக்காகத்தானே வண்டி வந்திருக்கு?"

"செத்துப் போயிடுவேன்" என்றான்.

அம்மா குனிந்து, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள். அவன் சொன்னது இதுதான். அன்றைக்குத் தின்ற ஆரஞ்சு ஐஸ் வயிற்றுக்குள்ளேயே இருந்ததாம், ஒவ்வொரு நாளும் ஒன்றுக்குப் போகும்போது ஆரஞ்சாகப் போனதாம், இப்போதுதான் எல்லாம் போய் வெள்ளையாகப் போகிறதாம், மறுபடி தின்றால் மறுபடி உள்ளே போய்விடுமாம். அவன் தின்ற மாத்திரை சிறுநீரை அந்த நிறமாக்கும். டாக்டர் அதை அப்பாவிடம் சொல்லியிருந்தார், அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை மாதமும், தினம் பலமுறை, தனக்குள் சாவு இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பிஞ்சு இருந்திருக்கிறது. அதை நாங்கள் சமத்து என்று கொண்டாடியிருக்கிறோம்.

அம்மாவின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. "இல்லடா, அம்மா அன்னிக்கு சும்மா சொன்னேண்டா. பயத்துல சொல்லிட்டேன். அது பொய்டா."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திடும்னு சொன்னியே. உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

ஐஸ் அண்ணா தன் பங்குக்கு முயன்று பார்த்தார். "இன்னா வாத்யாரே, நான் டெய்லி துன்றேன், கல்லு மாரி கீறேன், பாரு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு காம்ப்ளெக்ஸ் இல்லியே" என்றான் தம்பி.

ஐஸ் அம்மாவின் கையில் உருகி, மணிக்கட்டு வழியாக வளையலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தெருவை ஒருமுறை பார்த்தாள். மதில்மேல் அவள் வகுப்புப் பிள்ளைகள், எதிர்வீட்டு வாசலில் அவர்களுடைய அம்மாக்கள். தெருவில் நின்று ஒரு வேர்க்கடலைகூட வாயில் போடாதவள் அவள், எங்களையும் போட விடாதவள். அந்த ஐஸை வாயில் வைத்து ஒரு கடி கடித்தாள்.

"பாரு, அம்மாவே திங்கறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு ஆரஞ்சாக இருந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தன் வித்தை பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கடி கடித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. அவன் முகம் கோணியது. "அம்மா, வேண்டாம்மா" என்றான். அவள் மூன்றாவது கடிக்கு வாயைத் திறந்தபோது எம்பிக் குதித்து, அவள் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினான். தூக்கி எறியப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். எறியவில்லை. அப்படியே தன் வாயில் திணித்துக்கொண்டான். உறிஞ்சவில்லை, கடித்துக் கடித்து விழுங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பல் கூசி உடம்பு குலுங்குகிறது, தாடையெல்லாம் ஆரஞ்சு வழிகிறது. அம்மா கையை நீட்ட நீட்டப் பின்னால் நகர்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்தான்.

வெறும் குச்சியை அவளிடம் காட்டினான். "மிச்சத்த எல்லாம் நானே தின்னுட்டேம்மா. இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா நல்ல புடவையோடு அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, தன் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள். ஐஸ் அண்ணா திரும்பி நின்றுகொண்டார். தம்பி அவள் மடியில் சாய்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்களை இறுக்க மூடி, சாவு வருவதற்காக அமைதியாகக் காத்திருந்தான்.